அறநிலை மருத்துவப் பணிகளின் நிலைத்த நிதியாதாரம்: திருமுக்கூடல் ஆதுலசாலை முதல் அரவிந்த் கண் மருத்துவமனை வரை

ஆய்வுச் சுருக்கம்

இலாப நோக்கமற்ற மருத்துவ நிறுவனங்களும் சமூக நலத் திட்டங்களும் தொடங்கப்படும் வேகத்திற்கும் அவை நீடித்து நிற்கும் காலத்திற்கும் இடையே பெரும் இடைவெளி காணப்படுகிறது. நல்கைக் காலம் முடிந்ததும் பணி நின்றுவிடுவது இத்துறையின் தொடர் சிக்கலாக உள்ளது. சோழர் காலத் திருமுக்கூடல் ஆதுலசாலை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கேரளத்தின் வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் ஆகிய மூன்றின் நிதி அமைப்புகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றோடு பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி, வெளிநாட்டு நன்கொடை, அரசுக் காப்பீடு ஆகிய இக்கால நிதி வழிகளின் இயல்பையும் எல்லையையும் ஆராய்கிறது. ஒரு பணியின் செலவு எவ்வகையினதோ அவ்வகைக்கு இசைந்த வருவாயைப் பொருத்துவதே நிலைத்த தன்மைக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச் சொற்கள்

நிலைத்த நிதி, மூலநிதி, பொலிசை, குறுக்கு மானியம், ஆதுலசாலை, வலி தணிப்புச் சிகிச்சை, நிர்வாகச் செலவு.

முன்னுரை

மருத்துவ அறம் தமிழ்ச் சமூகத்திற்குப் புதியதன்று. நோயுற்றார்க்கு மருந்து வழங்குதல் அறச்செயல்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது. ஆயினும் ஓர் அறச்செயலை ஒருநாள் செய்வது வேறு. அதனை ஆண்டுதோறும் தடையின்றி நடத்துவது வேறு. முன்னதற்கு இரக்கம் போதும். பின்னதற்கு இரக்கத்தோடு கணக்கும் வேண்டும்.

இந்த வேறுபாட்டின் விளைவை நோயாளியே முதலில் உணர்கிறார். சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மாத்திரை வழங்கிய திட்டம் மூன்றாம் ஆண்டில் நின்றால், அதனை நம்பியிருந்தவர் திட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்த நிலையைவிடக் கீழான நிலைக்கும் தள்ளப்படலாம். இடைப்பட்ட காலத்தில் அவர் வேறு மருத்துவரை நாடும் பழக்கத்தை விட்டிருப்பார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் வீட்டிற்கு வாரந்தோறும் சென்ற செவிலியர் திடீரென வராமற்போனால், அக்குடும்பம் அடுத்து வரும் எந்தத் தொண்டு நிறுவனத்தையும் எளிதில் நம்பாது. எனவே நிதியின் நிலைத்த தன்மை சிகிச்சையின் தரத்தோடு பிரிக்க முடியாத தொடர்புடையதாகிறது.

ஆனால் தமிழில் தொண்டு நிறுவனங்கள் குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் நிறுவனரின் ஈகையையும் தியாகத்தையும் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றன. அந்நிறுவனம் தன் ஊழியர்க்கு மாத ஊதியம் எவ்வாறு வழங்கியது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை முன்வைத்து மூன்று சான்றுகளை விளக்குவதும், அவற்றிலிருந்து பொதுவான நெறிகளைத் தொகுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூலநிதி முறை: திருமுக்கூடல் சான்று

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் காணப்படும் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. கோயிலோடு இணைந்து இயங்கிய கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஆதுலசாலை ஆகியவற்றின் செலவுகளை இக்கல்வெட்டு ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறது. ஆதுலசாலை என்பது மருத்துவமனையைக் குறிக்கும் சொல்லாகும். 'வீரசோழன்' என்னும் பெயருடைய இம்மருத்துவமனை 15 படுக்கைகளைக் கொண்டிருந்தது.

மருத்துவ வரலாற்றாய்வாளர்கள் இக்கல்வெட்டில் காணப்படும் மருந்துப் பட்டியலைப் பெரிதும் கவனித்துள்ளனர். நிதி நோக்கில் கவனிக்கத்தக்கது அதன் ஊழியர் பட்டியலாகும். மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை எனப்படும் அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து அடுபவர் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்பவர் ஒருவர் எனப் பணியாளர் அனைவரும் குறிக்கப்பெறுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் உரிய ஆண்டு ஊதியமும் குறிக்கப்பெறுகிறது. மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல்லும் வகுக்கப்பட்டுள்ளன. நோயாளிக்கு நாள்தோறும் வேண்டிய அரிசியும், இரவில் எரியும் விளக்கிற்கான எண்ணெயும்கூட விடுபடவில்லை.

இவ்வமைப்பில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, மருந்தின் விலையோடு நில்லாமல் ஊதியம், உணவு, விளக்கு, நீர் ஆகிய அனைத்தும் மருத்துவச் செலவாகவே கருதப்பட்டுள்ளன. இக்காலத்தில் 'நிர்வாகச் செலவு' எனத் தனியே பிரித்து, குறைக்க வேண்டிய ஒன்றாகக் கருதப்படுவது அக்காலத்தில் மருத்துவத்தின் உறுப்பாகவே எண்ணப்பட்டது. இரண்டாவது, ஊதியத்தின் பெரும்பகுதி நெல்லாக அளக்கப்பட்டது. காசின் மதிப்பு மாறினாலும் ஊழியரின் உணவு குறையாதவாறு இது காத்தது. மூன்றாவது, இச்செலவுகளுக்கு ஊர் ஒன்றின் நில வருவாய் நிலையான ஆதாரமாக ஒதுக்கப்பட்டது. ஒருவர் ஆண்டுதோறும் மனமுவந்து கொடுப்பதை இவ்வமைப்பு எதிர்பார்த்து நிற்கவில்லை.

முதலை அழியாமல் வைத்து அதன் பயனை மட்டும் செலவிடும் இந்நெறி சோழர் காலக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுவது. நந்தா விளக்கெரிக்க ஆடுகளை அளிக்கும்போது அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பல கல்வெட்டுகளில் காணப்படும் அளவு. ஆடுகள் இறப்பினும் மூப்பினும் ஈனும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாது நிற்க வேண்டும். அவற்றின் நெய் மட்டுமே விளக்கிற்குரியது. பொன்னையோ காசையோ ஊர்ச்சபையிடம் முதலாக வைத்து, அதன் வட்டியாகிய பொலிசையைக் கொண்டு அறம் நடத்திய செய்திகளும் மிகுதி. இன்று மூலநிதி எனப்படும் கருத்தாக்கம் இதுவேயாகும்.

இம்முறைக்கு இரு எல்லைகள் உள்ளன. ஒன்று, மூலநிதியின் அளவு. ஆண்டிற்கு 12 இலட்சம் ரூபாய் செலவாகும் சிறிய மருந்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 விழுக்காடு வட்டியில் அச்செலவை ஈடுகட்ட 2 கோடி ரூபாய் முதல் வேண்டும். மற்றொன்று, விலைவாசி உயர்வு. வட்டி 7 விழுக்காடாகவும் விலைவாசி உயர்வு 5 விழுக்காடாகவும் இருப்பின், முதலின் மதிப்பு தேயாமல் செலவிடத்தக்கது ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதை முதலோடு சேர்த்தாக வேண்டும். வட்டி முழுவதையும் செலவிடும் அறக்கட்டளையின் முதல் எண்ணளவில் மாறாதிருப்பினும் ஆற்றலளவில் சாகிறது, மூக்கவும் செய்கிறது. ஒரு காலத்தில் மாணவர் ஒருவரின் ஆண்டுக் கட்டணத்தை முழுமையாக ஏற்ற கல்லூரி அறக்கட்டளைப் பரிசுகள் இன்று ஒரு நூலின் விலைக்கும் ஈடாகாதிருப்பது விரிவுரையாளர் பலரும் அறிந்ததே.

2. குறுக்கு மானிய முறை: அரவிந்த் சான்று

மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவர் அவர். தொடக்க முதலைக் குடும்பத்தினரின் சொந்த உடைமைகளைக் கொண்டே திரட்ட வேண்டியிருந்தது. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி எனப் பின்னர் விரிந்த இந்நிறுவனம், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவதைத் தன் அன்றாடச் செலவிற்கான வழியாகக் கொள்ளவில்லை. கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயின் மிகுதியைக் கொண்டு கட்டணமின்றியும் மிகக் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை பெறுவோரின் செலவை ஏற்பதே அதன் நெறியாகும். இதனைக் குறுக்கு மானியம் என்பர்.

இந்நெறியைப் பலரும் 'பணக்காரரிடம் வாங்கி ஏழைக்குக் கொடுப்பது' என எளிமைப்படுத்திக் கூறுவர். அவ்வாறாயின் பணம் செலுத்துவோரிடம் மிகுந்த கட்டணம் பெறப்பட வேண்டும். அவரோ வேறு மருத்துவமனையை நாடிச் சென்றுவிடுவார். உண்மையில் இம்முறையை இயக்குவது ஓர் அறுவைச் சிகிச்சைக்கான செலவைக் குறைக்கும் ஆற்றலே. இதனைக் கற்பனையான எண்களைக் கொண்டு விளக்கலாம்.

ஓர் அறுவை அரங்கின் மாதாந்திர நிலைச்செலவு 10 இலட்சம் ரூபாய் எனவும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆகும் பொருட்செலவு 1,000 ரூபாய் எனவும் கொள்வோம். மாதம் 500 சிகிச்சைகள் நடைபெறின் மொத்தச் செலவு 15 இலட்சம். ஒன்றிற்கு 3,000 ரூபாய். அதே அரங்கில் 2,000 சிகிச்சைகள் நடைபெறின் மொத்தச் செலவு 30 இலட்சம். ஒன்றிற்கு 1,500 ரூபாய். நூற்றுக்கு 40 பேர் மட்டும் கட்டணம் செலுத்துவதாகக் கொண்டால், முதல் நிலையில் ஒவ்வொருவரும் 7,500 ரூபாய் செலுத்த வேண்டும். இரண்டாம் நிலையில் 3,750 ரூபாய் போதும். இலவசச் சிகிச்சை பெறுவோரின் எண்ணிக்கை 300இலிருந்து 1,200ஆக உயர்ந்த பின்னரும் கட்டணம் பாதியாகக் குறைகிறது. எண்ணிக்கையின் பெருக்கமே இம்முறையின் அச்சாணி என்பது இதனால் விளங்கும்.

எண்ணிக்கையைப் பெருக்க அரவிந்த் மேற்கொண்ட வழிகள் பலவாகும். அறுவை மருத்துவர் ஒருவர்க்கு இரு மேசைகள் அமைக்கப்பட்டன. ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடைபெறும்போதே அடுத்தவர் மற்றொரு மேசையில் ஆயத்தம் செய்யப்படுவார். கிராமப்புற இளம்பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஊதியத்தோடு பயிற்றுவிக்கப்பட்டு, பரிசோதனை முதல் அறுவைக்குப் பிந்திய பராமரிப்பு வரையான பணிகளில் அமர்த்தப்பட்டனர். இதனால் மருத்துவரின் நேரம் அவரே செய்தாக வேண்டிய பணிக்கு மட்டும் செலவாயிற்று. ஒரே மருத்துவர்கள் இருவகை நோயாளிகளுக்கும் சிகிச்சை அளித்தனர். அறை வசதியில் வேறுபாடு இருந்ததேயன்றி, அறுவையின் தரத்தில் வேறுபாடு இல்லை. வருமானச் சான்று கேட்கப்படுவதுமில்லை; எவ்வகையில் சிகிச்சை பெறுவது என்பதை நோயாளியே தேர்ந்துகொள்கிறார்.

1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆரோலாப் தொழிற்கூடம் இம்முறையின் மற்றொரு தூணாகும். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை அக்காலத்தில் இறக்குமதி செய்யப்பட்டது. ஏழை நோயாளிக்கு அது எட்டாத விலையில் இருந்ததால், வில்லையின்றி அறுவை செய்து தடித்த கண்ணாடி வழங்குவதே வழக்கமாயிருந்தது. மதுரையிலேயே வில்லை உற்பத்தி செய்யப்பட்டதும் அதன் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இத்தொழிற்கூடத்தை அமைக்கச் சேவா அறக்கட்டளை உள்ளிட்ட வெளிநாட்டு அமைப்புகள் துணைநின்றன. நன்கொடை பயன்பட்ட விதம் இங்குக் கருதத்தக்கது. ஒருமுறை பெற்ற உதவி, மீண்டும் மீண்டும் உதவி கோர வேண்டிய தேவையைக் குறைக்கும் திறனாக மாற்றப்பட்டது.

'இலவசம்' என்பதன் பொருளையும் இச்சான்று தெளிவுபடுத்துகிறது. அறுவைக்குக் கட்டணம் இல்லையெனினும், நகருக்கு வரும் பேருந்துக் கட்டணம், உடன்வருபவரின் உணவு, இருவரும் இழக்கும் நாட்கூலி ஆகியவை நோயாளியின் தோளிலேயே விழுகின்றன. இதனை உணர்ந்து, முகாமில் தெரிவு செய்யப்பட்டோரைப் பேருந்தில் அழைத்துவந்து, உணவும் தங்குமிடமும் அளித்து, திரும்பக் கொண்டுசேர்க்கும் முறை உருவாயிற்று. அம்முகாம்களின் ஏற்பாட்டுச் செலவை உள்ளூர் அரிமா சங்கங்கள், கல்வி நிறுவனங்கள், வணிகர்கள் போன்றோர் ஏற்றனர். ஆயினும் கண் குறையுடையோருள் முகாமிற்கு வருவோர் மிகச் சிலரே என்பது பின்னர் ஆய்வால் தெரியவந்தது. அதன் விளைவாகத் தொலைமருத்துவ இணைப்புடைய பார்வை மையங்கள் சிற்றூர்களை ஒட்டி நிறுவப்பட்டன.

இம்முறை எல்லா நோய்க்கும் பொருந்துமா என்னும் வினா இன்றியமையாதது. கண்புரை செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒருங்கே வருவது. அதன் சிகிச்சை ஒருமுறை செய்து முடிவது. குறுகிய நேரத்தில் நிகழ்வது. ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் செய்யத்தக்கது. பயனை மறுநாளே கண்கூடாகக் காட்டுவது. இவ்வியல்புகள் இல்லாத மனநோய், புற்றுநோயின் இறுதிநிலை, காசநோய், முதுமைப் பராமரிப்பு ஆகியவற்றில் அரவிந்தின் முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் இதற்குச் சான்றாகும். மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்ட அந்நிலையம், கட்டண வருவாயோடு பொதுமக்களின் கொடையையும் அரசின் உதவியையும் தொடர்ந்து சார்ந்தே வளர்ந்தது. நீண்டகாலச் சிகிச்சையும் விலைமிக்க கருவிகளும் வேண்டும் துறையில் அதுவே இயல்பான வழியாகும்.

3. சிறுகொடை முறை: கேரள வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம்

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு 1993ஆம் ஆண்டு வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கம் தொடங்கப்பட்டது. மருத்துவர் எம். ஆர். ராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் ஆகியோர் அதன் முன்னோடிகளுள் குறிப்பிடத்தக்கவர்கள். மருத்துவமனையில் அமைந்த புறநோயாளர் பிரிவு விரைவிலேயே ஓர் எல்லையைச் சந்தித்தது. இச்சிகிச்சை மிகவும் தேவைப்படுவோர் படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள். அவர்களால் கோழிக்கோடு வரை வர இயலவில்லை. எனவே 2000ஆம் ஆண்டை ஒட்டி மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அண்டை அயலார் வலைப்பின்னல் என்னும் அமைப்பு உருப்பெற்றது. வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க முன்வந்தோர் பயிற்சி பெற்றுத் தம் ஊரிலுள்ள நோயாளிகளைக் கண்டறிந்தனர். மருத்துவரும் செவிலியரும் இத்தொண்டர்களின் துணையோடு வீடு தேடிச் சென்றனர்.

நிதியும் ஊரிலிருந்தே திரட்டப்பட்டது. பெருங்கொடையாளர் ஒருவரை நாடாமல், பலரிடம் சிறுசிறு தொகையாகப் பெறுவதே முறையாயிற்று. கடைகளில் உண்டியல் வைத்தலும் மாதச் சந்தா பெறுதலும் வழக்கமாயின. இம்முறையின் வலிமை தொகையின் அளவில் இல்லை. அதன் பரவலில் உள்ளது. ஆயிரம் பேர் மாதம் 50 ரூபாய் கொடுக்கும் நிறுவனத்தில் நூறு பேர் நின்றுவிட்டாலும் வருவாயில் பத்தில் ஒரு பங்கே குறையும். ஒருவரே 50,000 ரூபாய் கொடுக்கும் நிறுவனத்தில் அவர் நின்றுவிட்டால் பணியே நின்றுவிடும். மேலும், தன் தெருவிலுள்ள நோயாளிக்காகக் கொடுப்பவர் அப்பணம் எவ்வாறு செலவாகிறது என்பதைத் தாமே காண்கிறார். தணிக்கை அறிக்கை செய்யும் பணியின் ஒரு பகுதியை அண்டை வீட்டாரின் கண்ணே செய்துவிடுகிறது.

2008ஆம் ஆண்டு கேரள அரசு வலி தணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் வகுத்தது கேரளமே. அதனைத் தொடர்ந்து வீட்டுச் சிகிச்சைப் பணி உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டது. 1996ஆம் ஆண்டு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே உள்ளாட்சிகள் தம் திட்ட நிதியைத் தாமே செலவிடும் உரிமையையும் பழக்கத்தையும் பெற்றிருந்தமை இதற்கு அடித்தளமாக அமைந்தது. மக்கள் கொடையால் நடத்திக் காட்டப்பட்ட பணி ஒன்று, அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்ற நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

இம்முறை வெற்றி பெற்றதற்கு அப்பணியின் செலவு அமைப்பும் காரணமாகும். வலி தணிப்புச் சிகிச்சையில் விலைமிக்க கருவிகள் குறைவு; மனித உழைப்பும் பயணமுமே பெருஞ்செலவு. உழைப்பின் ஒரு பகுதியைத் தொண்டர்கள் ஏற்பதால் பணத்தேவை சிறுகொடைகளால் நிரப்பத்தக்க அளவிற்குச் சுருங்குகிறது. மாறாக, கதிர்வீச்சுக் கருவி ஒன்றை உண்டியல் பணத்தால் வாங்கிப் பராமரிக்க முனைவது பொருந்தாது.

4. இக்கால நிதி வழிகளும் அவற்றின் எல்லைகளும்

4.1 பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுவரவோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். நிதி எனப்படும் இது மருத்துவப் பணிகளுக்குப் பெரிய வாயிலைத் திறந்துள்ளது. ஆயினும் இதன் இயல்பில் மூன்று வரம்புகள் உள்ளன.

முதலாவது, இது இலாபத்தைச் சார்ந்தது. இலாபம் குறையும் ஆண்டில் நிதியும் குறையும். இரண்டாவது, பல்லாண்டுத் திட்டமெனினும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுகளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. மூன்றாவது, நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுவதால், தொழிற்சாலைகள் மிக்க மாவட்டங்களை நோக்கி நிதி சாய்கிறது. தொழில் வளம் குன்றிய மாவட்டங்களிலேயே மருத்துவத் தேவை மிகுதியாக இருப்பது இதன் முரணாகும். எனவே கருவி, கட்டடம், ஊர்தி, பயிற்சி ஆகிய ஒருமுறைச் செலவுகளுக்கு இந்நிதி ஏற்றது. செவிலியரின் மாத ஊதியத்தை இதனை மட்டும் நம்பி வகுப்பது இடர்மிக்கது.

4.2 வெளிநாட்டு நன்கொடை

2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. அதன்படி நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றொரு நிறுவனத்திற்கு வழங்குவதும் தடைசெய்யப்பட்டது. பெரிய நிறுவனங்கள் நன்கொடையைப் பெற்றுச் சிற்றூர்களில் இயங்கும் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்து வந்த முறை இதனால் முடிவுக்கு வந்தது. பதிவையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே இவ்வழியைத் தம் ஒரே ஆதாரமாகக் கொண்ட அமைப்புகள், சட்ட மாற்றம் ஒன்றினாலேயே பணியை இழக்கும் நிலையில் உள்ளன.

4.3 அரசுக் காப்பீடு

தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ஆம் ஆண்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. பின்னது 2018ஆம் ஆண்டில் நடுவணரசின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இத்திட்டங்களின்கீழ் அறநிலை மருத்துவமனைகளும் ஏழை நோயாளியின் சிகிச்சைக்கு அரசிடமிருந்து தொகை பெற இயலும். கொடையைப் போலன்றி இது உரிமையாக வருவது. நோயாளியின் எண்ணிக்கையோடு சேர்ந்து உயர்வது.

ஆயின் இத்தொகை பெரும்பாலும் வரையறுக்கப்பட்ட சிகிச்சைத் தொகுப்புகளுக்கே உரியது. நோய் வருமுன் காக்கும் பணி, வீட்டிற்குச் சென்று பார்த்தல், மருந்தை விடாது உண்ணுமாறு ஊக்குவித்தல், குடும்பத்தாருக்கு அறிவுரை கூறல் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. காப்பீட்டை மட்டும் நம்பும் நிறுவனம் மெல்ல மெல்ல அறுவைச் சிகிச்சையை நோக்கிச் சாய்வதும், சமூகப் பணியைக் கைவிடுவதும் நிகழக்கூடும். வருவாய் வரும் வழியே நிறுவனத்தின் நோக்கத்தை மாற்றிவிடும் இப்போக்கை நிர்வாகிகள் விழிப்போடு கவனிக்க வேண்டும்.

5. நிர்வாகச் செலவு என்னும் சிக்கல்

மேற்கண்ட வழிகள் அனைத்திலும் ஊடாடி நிற்பது நிர்வாகச் செலவு குறித்த மனப்பாங்காகும். தாம் கொடுக்கும் பணம் முழுவதும் நோயாளிக்கே சேர வேண்டும் என்பது கொடையாளரின் விருப்பம். அதற்கு இசைய, நிறுவனங்கள் தம் நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துக் காட்டப்பட்ட அளவே போதும் எனக் கொடையாளர் நம்புகின்றனர். அடுத்த நல்கையில் அதனினும் குறைவான தொகையே ஒதுக்கப்படுகிறது. ஆன் கோகின்ஸ் கிரெகரி, டான் ஹோவார்டு ஆகியோர் 2009ஆம் ஆண்டில் இதனை இலாப நோக்கமற்ற நிறுவனங்களின் 'பட்டினிச் சுழல்' என்று குறித்தனர்.

இச்சுழலின் விளைவு அன்றாட நடைமுறையில் புலப்படும். கணக்கரை அமர்த்தாத நிறுவனம் தணிக்கையில் இடர்ப்படும். பதிவேடுகளை முறையாகப் பேணாத நிறுவனம் தன் பணியின் பயனை மெய்ப்பிக்க இயலாது. மெய்ப்பிக்க இயலாதபோது அடுத்த நல்கை கிடைக்காது. ஊதியம் குறைந்தமையால் தேர்ந்த செவிலியர் விலகிச் செல்வர். புதியவரைப் பயிற்றுவிக்க மீண்டும் செலவாகும். விளக்கெண்ணெயையும் நீர் கொணர்பவரின் ஊதியத்தையும் மருத்துவச் செலவாகவே எழுதிய திருமுக்கூடல் கல்வெட்டு இவ்வகையில் இக்காலத்திற்கும் பாடமாக அமைகிறது.

சேமநிதி குறித்தும் இங்கே கூறுதல் வேண்டும். வருமான வரிச் சட்ட நெறிப்படி, வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் தம் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். எஞ்சிய 15 விழுக்காட்டைச் சேமிக்கலாம். குறிப்பிட்ட நோக்கத்தை முன்னரே தெரிவித்து ஐந்தாண்டு வரை கூடுதலாகச் சேமிக்கவும் வழி உண்டு. இவ்வுரிமையை முறையாகப் பயன்படுத்தினால், குறைந்தது ஆறு மாத ஊதியத்திற்குரிய சேமநிதியைச் சிறிய நிறுவனமும் சில ஆண்டுகளில் உருவாக்க இயலும். நல்கை தாமதமாகும் காலத்தில் பணியைக் காப்பது இத்தொகையே.

6. செலவிற்கேற்ற வருவாய்: தொகுப்புரை

மேற்கூறிய சான்றுகளை ஒப்புநோக்கும்போது பின்வரும் நெறிகள் புலப்படுகின்றன.

1. ஒருமுறைச் செலவிற்கு ஒருமுறை நிதி பொருந்தும். கட்டடம், கருவி, பயிற்சி, தொழிற்கூடம் ஆகியவற்றுக்கு நல்கையும் சி.எஸ்.ஆர். நிதியும் ஏற்றவை. ஆனால் கருவியைப் பெறும்போதே அதன் பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை இருத்தல் வேண்டும்.

2. தொடர் செலவிற்குத் தொடர் வருவாய் வேண்டும். ஊதியம், வாடகை, மின்கட்டணம் ஆகியவை கட்டணம், சந்தா, மூலநிதி வட்டி, உள்ளாட்சி ஒதுக்கீடு ஆகியவற்றால் ஈடுசெய்யப்பட வேண்டும்.

3. நோயாளியின் எண்ணிக்கையோடு உயரும் செலவிற்கு, எண்ணிக்கையோடு உயரும் வருவாய் வேண்டும். குறுக்கு மானியமும் காப்பீட்டுத் தொகையும் இவ்வகையின.

4. எந்த ஓர் ஆதாரமும் நின்றுவிட்டால் பணி முழுவதும் நின்றுவிடும் நிலை இருத்தலாகாது. ஆதாரங்களின் தொகையைவிட அவற்றின் பரவல் முதன்மையானது.

5. நிதியைப் பெறுவதற்காகப் பணியின் நோக்கத்தை மாற்றுதல் கூடாது. வரும் நிதிக்கேற்பப் புதுப்புதுத் திட்டங்களைத் தொடங்கும் நிறுவனம் எந்தத் துறையிலும் ஆழம் பெறுவதில்லை.

6. திட்டம் தொடங்கும் நாளிலேயே அதன் முடிவு குறித்தும் சிந்திக்க வேண்டும். நல்கை முடியும்போது பணி யாரிடம் ஒப்படைக்கப்படும், அரசிடமா, உள்ளாட்சியிடமா, ஊர் மக்களிடமா என்பது திட்ட அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். எவரிடமும் ஒப்படைக்க இயலாது எனில், நோயாளிகளுக்கு அதனை முன்கூட்டியே அறிவிப்பதும் அறமேயாகும்.

முடிவுரை

திருமுக்கூடலில் ஊரின் நில வருவாயும், மதுரையில் எண்ணிக்கையின் பெருக்கமும், மலப்புறத்தில் அண்டை அயலாரின் சிறுகொடையும் மருத்துவ அறத்தைத் தாங்கின. காலமும் இடமும் முறையும் வேறுபடினும், மூன்றிலும் ஒரு பொதுமை உண்டு. அடுத்த ஆண்டின் செலவு எங்கிருந்து வரும் என்பதை இம்மூன்றும் முதலிலேயே எண்ணின. அவ்வெண்ணத்தை ஒருவரின் நல்லெண்ணத்திடம் விட்டுவிடாமல் ஓர் அமைப்பாக வகுத்தன.

இத்துறையில் தமிழ் ஆய்வாளர்கள் ஆற்ற வேண்டிய பணிகள் பல உள்ளன. கல்வெட்டுகளில் காணப்படும் மருத்துவ, கல்வி அறக்கொடைகளைச் செலவினம், வருவாய், கண்காணிப்பு என வகைப்படுத்தி ஆராயலாம். அண்மைக் காலத் தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தொகுத்து, நல்கை முடிந்தபின் எத்தனைப் பணிகள் தொடர்ந்தன என்பதைக் கணக்கிடலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கொண்டு, கல்லூரி அமைந்த பகுதியில் இயங்கும் சிறு அமைப்புகளுக்குக் கணக்கு, பதிவேடு ஆகியவற்றில் உதவலாம். செலவு குறைந்த இவ்வுதவியே அவ்வமைப்புகள் பலவற்றுக்கு மிகவும் வேண்டப்படுவதாகும். நோயாளியிடம் 'அடுத்த மாதமும் வருவோம்' என்று சொல்லும் செவிலியரின் சொல் பொய்க்காதிருக்க, அச்சொல்லுக்குப் பின்னால் சரியான கணக்கு ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.